சதுப்பு நிலத்தைக் காக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

பெருமழை பெய்த மறுநாள் வெள்ளவத்தைப் பாலத்தில் நின்று பார்த்தால், கறுத்த நீரில் ஆகாயத்தாமரைத் திட்டுகளும் பிளாஸ்டிக் போத்தல்களும் கடலை நோக்கி நகர்வது தெரியும். அது வெள்ளவத்தையில் பெய்த மழைநீர் மட்டும் அன்று. கிழக்கே தியவன்னா ஓயாவைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் தேக்கி, மெல்ல விடுவித்த நீரும் அதில் உண்டு. கொழும்பின் சூழற்றொகுதிகளுக்கான திட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தத் தொடர்பை மறக்கும் இடத்தில்தான்.

முதல் தவறு, சூழற்றொகுதியைக் காணி வரைபடமாகப் பார்ப்பது. கொழும்புக்குத் தெற்கே பெல்லன்வில-அத்திடிய சதுப்பில் 372 ஹெக்டேயர் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வர்த்தமானியில் குறித்த எல்லை நீருக்குத் தெரியாது. மேட்டுக் குடியிருப்புகளின் கழிவு நீர் இறங்கும் வழியைக் கவனிக்காமல் சரணாலயத்துக்கு வேலி போடுவதால் ஆகப்போவது குறைவு. நிரப்புவதற்கு அனுமதி கேட்கும்போதும் இதே பார்வைதான்: “பத்துப் பேர்ச்தானே” என்பார்கள் (160 பேர்ச் ஓர் ஏக்கர்). பதினாறு பேர் அப்படிக் கேட்டால் ஓர் ஏக்கர் போய்விடும். அந்தப் பத்துப் பேர்ச் ஓடையின் கழுத்தில் இருந்தால், ஒருவர் நிரப்பினாலே மேற்புறத்து வீடுகளுக்குள் தண்ணீர் வரும்.

பச்சையாக இருப்பதெல்லாம் நலமாக இருக்கிறது என்று நம்புவது, என் கணிப்பில், இதைவிட ஆபத்தானது. நம்மூர் அன்னமுன்னாவுக்கு உறவான ஓர் அமெரிக்க மரம் இந்தச் சதுப்புகளில் அடர்ந்து வளர்ந்து, நிழலால் கோரைகளையும் நீர்ப்பூண்டுகளையும் ஒழித்துவிடுகிறது; தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது அழகான காடு. ஆகாயத்தாமரையோ 1905இல் இலங்கைக்கு அழகுச் செடியாக வந்தது. அதை ஒழிக்கவென்றே 1909இல் கட்டளைச் சட்டம் இயற்றியும் இன்றுவரை அது மிதக்கிறது. கழிவு நீர் அதற்கு உரமாக இறங்கிக்கொண்டிருக்கும் வரை, இயந்திரத்தால் வாரிக் கரையில் குவிப்பது சில மாதங்களுக்கான வேலையே.

சதுப்பைத் தோண்டிக் குளமாக்கி, சுற்றிலும் நடைபாதை அமைப்பதை மீளமைப்பு என்று சொல்வதும் சரியன்று. ஆழமான நீரில் கோரை நிற்காது. கோரை இல்லாத இடத்தில் அதில் ஒளிந்து வாழும் பறவைக்கு இடமில்லை. மறுபுறம், மனிதக் கையே படக்கூடாது என்பதும் பொருந்தாது. இந்தச் சதுப்புகளில் பல, மனிதர் பயிரிட்டுக் கைவிட்ட நெல்வயல்கள். அப்படி மனிதக் கை பட்ட ஈரநிலங்களோடுதான், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் 2018இல் கொழும்புக்குக் கிடைத்தது (சான்றிதழ் வெள்ளத்தை உறிஞ்சாது என்பது வேறு கதை).

நட்ட கன்றுகளை எண்ணி வெற்றி சொல்லும் பழக்கத்துக்குக் கரையோரம் நல்ல சாட்சி. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் (அலையாத்தி) கன்றுகள் நடப்பட்ட 23 இடங்களைப் பின்னர் ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பல இடங்களில் பொருந்தாத இனத்தைப் பொருந்தாத மட்டத்தில் நட்டிருந்தார்கள். நட்டபின் பராமரிப்பும் இருக்கவில்லை.