மொபைல் ஆப்பில் நிறம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் கோடிங்கைப் பார்த்தால், நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். #336699 போன்ற ஹெக்ஸ் (16-அடிமான) நிற எண்ணில் (சிவப்பு, பச்சை, நீலத்துக்கு இரண்டிரண்டு இலக்கம்) ஹாஷ் குறியை விட்டுவிடுவது, ஓர் இலக்கம் குறைவது போன்றவற்றைப் பெரும்பாலும் எடிட்டரே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விடுங்கள்.

ஆல்ஃபா எந்தப் பக்கம்?

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ்ஸின் எட்டு இலக்க நிறத்தில் ஆல்ஃபா, அதாவது நிறம் எவ்வளவு அழுத்தமாகத் தெரியவேண்டும் என்ற அளவு, கடைசி இரண்டு இலக்கங்களாக வரும். ஆண்ட்ராய்டின் எக்ஸ்எம்எல் ஃபைல்களிலும், ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரிலும் அது முதலில் வரவேண்டும். டிசைனர் பாதி ஒளிபுகும் நீலத்துக்கு #33669980 என்று அனுப்புகிறார். ஆண்ட்ராய்டு அதை ஆல்ஃபா 33, சிவப்பு 66, பச்சை 99, நீலம் 80 என்று படிக்கும். திரையில் வருவது, 20 சதவீதமே தெரிகிற மங்கல் பச்சை. எந்த வரிசையில் படித்தாலும் அது செல்லுபடியாகும் எண் என்பதால் எர்ரர் எதுவும் வராது. சரியானது #80336699.

எங்கள் டீமில் ஒரு தம்பிக்கு இப்படித்தான் பட்டன் வெளிறிப்போனது. போனின் பிரைட்னஸ், நைட் மோட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், இலக்கங்களின் வரிசையைத் தவிர. கடைசியில் கண்ணால் பார்த்தே ஒரு வெளிர்நீலத்தைத் தேடிப் போட்டுவிட்டார். வெள்ளைப் பின்னணியில் அச்சு அசலாக இருந்தது. டார்க் மோட் வந்ததும் அதே பட்டன் சுண்ணாம்பு அடித்தது போல நின்றது. அதற்குள் அந்த நிறம் பல ஃபைல்களுக்குப் பரவியிருந்தது. தவறைவிட, அதன்மேல் ஒட்டிய இந்த ஒட்டுதான் அதிக வேலை வைத்தது.

ஃப்ளட்டர் போன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் நேட்டிவ், ஆண்ட்ராய்டில் ஓடினாலும், சிஎஸ்எஸ் வரிசையைத்தான் பின்பற்றும். ஐஓஎஸ்ஸில் நிறத்தை உருவாக்கும் யுஐகலரில் ஹெக்ஸ் வசதியே கிடையாது. அதனால் யாரோ எழுதிச் சேர்த்துவைத்த எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) எந்த வரிசையில் படிக்கிறது என்று திறந்து பார்த்துவிடுங்கள். நான் ஹெக்ஸை ஆறு இலக்கத்தோடு நிறுத்திவிட்டு, ஆல்ஃபாவை 0.5 என்று தனியாகக் கொடுக்கிறேன்.

அப்புறம், ஹெக்ஸில் முழு அளவு எஃப்எஃப், அதாவது 255. அதனால் 50 சதவீதத்துக்கு 80, அதாவது 128. அங்கே 50 என்று எழுதினால் ஏறக்குறைய 31 சதவீதம்தான்.

ஃப்ளட்டரில் ஆறு இலக்கம்

0எக்ஸ்336699 என்று மட்டும் கொடுத்தால் ஆல்ஃபா பூஜ்யம். விட்ஜெட் (திரையில் வரும் பட்டன் போன்ற பகுதி) இருக்கும், நிறம் தெரியாது. 336699க்கு முன்னால் எஃப்எஃப் சேர்த்துவிடுங்கள்.

யுஐகலருக்கு 255 வரை கொடுப்பது

அது கேட்பது 0 முதல் 1 வரை.

முழு எண்ணில் வகுப்பது

ஐஓஎஸ் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் இன்ட் மாறிகளை வைத்து வகுத்தால் 51/255 பூஜ்யம், 204/255உம் பூஜ்யம். வந்து நிற்பது கறுப்பு. முதலில் தசம எண் வகையான சிஜிஃப்ளோட்டாக மாற்றி, அதன்பிறகு வகுக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ரிசோர்ஸ் ஐடியையே நிறமாகக் கொடுப்பது

ரிசோர்ஸ் ஐடி என்பது நிறத்தைத் தேடி எடுப்பதற்கான அடையாள எண், நிறம் அல்ல. பிழை தேடும் லிண்ட் கருவி எச்சரிக்கும். படியுங்கள்.