டிஸ்க் ஃபுல்லா? லாக் ஃபைல் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

லாக்னா சர்வர்ல நடக்கறதை வரி வரியா எழுதி வைக்கற ஃபைல், அது வீங்கி டிஸ்க் ரொம்பறப்போ, சர்வர் பாத்துக்க புதுசா வர்ற ஒவ்வொரு செட்டும் அதே தப்பைத்தான் பண்றாங்க. நாங்க வேலைக்கு வந்த புதுசுல பண்ணதேதான், வரிசை கூட மாறல. டிஸ்க் அலர்ட் வைங்க, லாக்ரொட்டேட் (லாக்கை அப்பப்போ பேர் மாத்தி ஒதுக்கி, பழசை அழிக்கற டூல்) போடுங்கன்னு எல்லா இடத்துலயும் எழுதியாச்சு, அதை நான் திரும்பச் சொல்லப் போறதில்ல. இதெல்லாம் தெரிஞ்சவங்களே மாட்டிக்கிற இடங்கள் சிலது இருக்கு, அதை மட்டும் சொல்றேன். உபுண்டு, டெபியன்ல ஓடுற என்ஜின்எக்ஸ் வெப்சர்வரை மனசுல வெச்சுதான் எழுதறேன், அப்பாச்சிக்கும் பெரும்பாலும் இதேதான்.

ஓடிட்டிருக்கற சர்வரோட லாக்கை ஆர்எம் (ஃபைலை அழிக்கற கமாண்ட்) பண்றது

இதை இன்னிக்குப் பாத்தாலும் எனக்கு எரிச்சல் வருது, அதனால இதுக்குத்தான் நிறைய எழுதப் போறேன்.

ஒரு ஆன்லைன் கடையோட சைட், ராத்திரி படுத்துடுச்சு. டியூட்டில இருந்த தம்பி உள்ள போய் டிஎஃப் (டிஸ்க் எவ்ளோ ரொம்பியிருக்குன்னு காட்டற கமாண்ட்) அடிச்சா ரூட் பார்ட்டிஷன் 100%. டியூ (ஃபைல் வாரியா சைஸ் எண்ணற கமாண்ட்) போட்டுத் தேடினா, வர்ற ரிக்வெஸ்ட்டையெல்லாம் எழுதற ஆக்சஸ் லாக் ஒண்ணே 30 ஜிபிக்கு மேல. உடனே ஆர்எம். திரும்ப டிஎஃப் அடிச்சா அதே 100%. பதறிட்டாரு, பின்ன வேற எதை அழிக்கலாம்னு தேடி, பழைய அப்லோட் பேக்கப்பை அழிச்சு, அதுவும் பத்தாதுன்னு டேட்டாபேஸ் டம்ப்பையும் (டேட்டாபேஸோட காப்பி) அழிச்சு, கடைசில சர்வரையே ரீபூட் பண்ணிட்டாரு. ரீபூட் ஆனதும் இடம் வந்துடுச்சு, பிரச்சனை தீந்துதுன்னு தூங்கப் போயிட்டாரு. காலைல பாத்தா பழைய மைஐசாம் வகை டேட்டாபேஸ் டேபிள் ஒண்ணு கிராஷ் ஆகிக் கெடக்கு, ரிப்பேர்ல பாதி ரோ வரல, ரீஸ்டோர் பண்ணலாம்னா டம்ப் இல்ல.

இதுல அழிச்சே ஆகணும்னு இருந்த ஃபைல் ஒண்ணுகூட இல்ல. லினக்ஸ்ல ஆர்எம் எடுக்கறது டைரக்டரில இருக்கற பேரை மட்டும்தான். வாசல்ல பேர்ப்பலகையைக் கழட்டிட்டா உள்ள குடியிருக்கறவர் காலி பண்ணிட்டார்னு ஆகிடுமா? அந்த ஐநோடை (டிஸ்க்ல ஃபைலோட நிஜப் பதிவு) என்ஜின்எக்ஸ் திறந்தபடி வெச்சிருக்கு, அது மூடற வரைக்கும் கெர்னல் இடத்தை விடாது, என்ஜின்எக்ஸும் பேரில்லாத அந்த ஃபைல்லயே எழுதிட்டே இருக்கும். டியூ பேரைப் பாத்து எண்ணுது, அதனால அதுக்குக் குறைஞ்ச மாதிரி தெரியும், டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தையே கேக்குது, அதனால அதுல குறையாது. ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் வந்தா அழிச்ச ஃபைலை யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்களான்னுதான் முதல்ல பாக்கணும்.

செய்ய வேண்டியது இது. முதல்ல லாக்கைப் படிங்க. டெயில் போட்டு கடைசி ஒரு லட்சம் வரியை மட்டும் எடுத்து எந்த ஐபி, எந்த யூஆர்எல்னு எண்ணுங்க. முழு ஃபைலையும் வரிசைப்படுத்தற சார்ட் கமாண்டுக்குக் குடுக்காதீங்க, அது டெம்ப் ஃபோல்டர்ல எழுதப் பாக்கும், அங்கயும் இடம் இருக்காது. லாக் வேணும்னா அதே டிஸ்க்ல ஜிஜிப் பண்ணிச் சுருக்க முடியாது, அவுட்புட்டுக்கு இடம் வேணும்ல, அதனால ஜிஜிப் அவுட்புட்டை அப்படியே எஸ்எஸ்எச் வழியா வேற மெஷினுக்குத் தள்ளுங்க. அப்புறம் ட்ரங்கேட் கமாண்ட்ல சைஸை 0 ஆக்குங்க. அந்த நொடியே இடம் வரும், என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் கூட பண்ண வேணாம், அது அப்பெண்ட் மோடுல (எப்பவும் ஃபைலோட கடைசில எழுதற மாதிரி) திறந்திருக்கறதால முதல்ல இருந்து எழுத ஆரம்பிச்சுக்கும்.

ஏற்கெனவே ஆர்எம் அடிச்சாச்சா? ரீபூட் மட்டும் பண்ணாதீங்க. எல்எஸ்ஓஎஃப் +எல்1 (lsof +L1) அடிச்சா அழிஞ்ச ஆனா திறந்திருக்கற ஃபைல் எல்லாம் வரும். பிஐடியையும் (ப்ராசஸோட நம்பர்) எஃப்டி நம்பரையும் (அது திறந்து வெச்சிருக்கற ஃபைலோட நம்பர்) எடுத்துக்கிட்டு, ப்ராக் (/proc) ஃபோல்டர்ல அந்த பிஐடிக்குக் கீழ எஃப்டி ஃபோல்டருக்குப் போனா முழு லாக்கும் அங்க உயிரோட இருக்கு, காப்பி எடுத்துக்கலாம். எடுத்ததும் என்ஜின்எக்ஸ் -எஸ் ரீஓப்பன் அடிங்க, அது பழைய ஃபைலை மூடிட்டு லாக்கைப் புதுசா திறக்கும். சைட் ஒரு செகண்ட் கூட நிக்காது.

அந்தக் கடை விஷயத்துல எனக்கு இன்னும் ஆறாதது டம்ப் போனது மட்டுமில்ல. சைட்டை யார் தாக்கினாங்கன்னு கடைக்காரர் கேட்டப்போ சொல்றதுக்கு எங்ககிட்ட ஒரு வரி கூட இல்ல, ரீபூட்ல எல்லாம் போயிடுச்சு. திரும்ப லாக் வீங்க ஆரம்பிச்சப்போ படிச்சுப் பாத்தாதான் தெரிஞ்சுது, வேர்ட்பிரஸ்ஸோட எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலுக்கு (வெளில இருந்து சைட்டை இயக்க விடற ஃபைல்) இடைவிடாம போஸ்ட் ரிக்வெஸ்ட். அதை பிளாக் பண்ண கான்ஃபிக்ல சில வரி போதும்.

ரொட்டேட் தானா நடக்கும்னு நம்பறது

பேக்கேஜோட வர்ற செட்டிங் வார் லாக் என்ஜின்எக்ஸ் ஃபோல்டரை மட்டும்தான் பாத்துக்கும். அந்தக் கடையோட லாக் ஹோம் ஃபோல்டருக்குள்ள இருந்துச்சு, அதை யாரும் ரொட்டேட் பண்ணவே இல்ல. புதுசா எழுதினீங்கன்னா லாக்ரொட்டேட் -டி (-d) போட்டு ஒத்திகை பாருங்க. ஃபோல்டர்ல குரூப்புக்கு ரைட் பெர்மிஷன் இருந்தா பாதுகாப்பில்லைன்னு ஒரு எரரைக் காட்டிட்டு அந்த லாக்கை அது தொடாம விட்டுடும், எந்த யூசர், குரூப்பா ஓடணும்னு சொல்ற எஸ்யூ வரி ஒண்ணு சேத்தாதான் வேலை செய்யும்.

போஸ்ட்ரொட்டேட்டை (ரொட்டேட் முடிஞ்சதும் ஓடற கமாண்ட்) விட்டுடறது

இது மேல சொன்ன அதே தப்பு, ஆனா தானா நடக்கும். லாக்ரொட்டேட் பேரை மாத்தினாலும், ரீஓப்பன் சொல்லலைன்னா என்ஜின்எக்ஸ் பழைய ஃபைல்லயே எழுதும், அதை ஜிஜிப் பண்ணி ஒரிஜினல் அழிஞ்சதும் பேரில்லாத ஐநோட் ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம வீங்கிட்டே போகும். யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பற வரியை விடாதீங்க, டிலேகம்ப்ரஸ்ஸும் (சுருக்கறதை அடுத்த ரொட்டேட் வரைக்கும் தள்ளிப் போடறது) கூடவே இருக்கட்டும். காப்பிட்ரங்கேட் (லாக்கைக் காப்பி எடுத்துட்டு ஒரிஜினலைக் காலி பண்றது) போட்டா இது வேணாமேன்னு சொல்வாங்க, ஆனா அதுக்கு லாக் அளவுக்கே காலி இடம் வேணும், நடுவுல சில வரியும் தொலையும்.

லாக்ரொட்டேட்ல சைஸ் 100 எம்பின்னு போட்டுட்டு நிம்மதியா இருக்கறது

லாக்ரொட்டேட் ஓடறதே ஒரு நாளைக்கு ஒரு தடவை, சைஸை அப்போதான் பாக்கும். மணிக்கொரு தடவை ஓட வைங்க.

டீபக் லெவல்

தப்பு தேடறதுக்காக லாக்கை எல்லாத்தையும் எழுதற டீபக் லெவல்ல வெச்சீங்கன்னா, வேலை முடிஞ்ச அன்னிக்கே மாத்திடுங்க.

டாக்கர்

கண்டெய்னரோட லாக்கை எழுதற டீஃபால்ட் ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு எந்த லிமிட்டும் கிடையாது. மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் ரெண்டும் போடுங்க, போட்டதுக்கப்புறம் கண்டெய்னரைப் புதுசா கிரியேட் பண்ணாதான் அது பிடிக்கும்.

ஆக்சஸ் லாக்கையே ஆஃப் பண்றது

டிஸ்க் பயத்துல இதைப் பண்றவங்க நிறைய பேர். இந்தியால கம்பெனி நடத்தறீங்கன்னா 2022 ஏப்ரல் 28ல செர்ட்-இன் (இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும், ரொட்டேட் 14ன்னு இருக்கற டீஃபால்ட்டை அப்படியே விட்டீங்கன்னா ரெண்டு வாரம்தான் நிக்கும். கணக்கும் அவ்ளோ பயங்கரம் இல்ல. ஒரு வரி 250 பைட்டுன்னு வெச்சா தினம் 10 லட்சம் ரிக்வெஸ்ட்டுக்கு 250 எம்பி, 180 நாளைக்கு 45 ஜிபி, ஆக்சஸ் லாக் ஜிஜிப்ல பத்துல ஒரு பங்கா சுருங்கும், அப்போ 5 ஜிபிக்குள்ள முடிஞ்சுடும். இமேஜ், ஹெல்த் செக் மாதிரி லொகேஷனுக்கு மட்டும் ஆஃப் பண்ணுங்க, மீதியை தனி வால்யூம்ல போட்டு வார் லாக்கா மவுண்ட் பண்ணிடுங்க, அப்போ லாக் ரொம்பி வழிஞ்சாலும் டேட்டாபேஸ் பாட்டுக்கு ஓடும்.