வெளிநாட்டில் குடியேறக் கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே செய்துவிடும் தவறுகள்

சென்னை ராஜாஜி சாலையில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் காகிதம் பார்த்தவன் நான். பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பல் சரக்குச் சீட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், கண்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டாது. திருத்தம் வரும்வரை நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஓய்வுபெற்ற பிறகு, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் விசா கோப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். நான் ஏஜென்ட் இல்லை, காசும் வாங்குவதில்லை. ஆனால் பழைய கண் போகவில்லை. இவர்களுடைய சிக்கல்களில் பெரும்பாலானவை தூதரகத்தில் தொடங்குவதில்லை. வீட்டு பீரோவில்தான் தொடங்குகின்றன.

சென்ற ஆண்டு ஆடி மாதம், இங்கிலாந்தில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர வேண்டிய பெண் ஒருத்தி வந்தாள். பெயரைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். கோப்பைப் பிரித்துத் தரையில் பரப்பினோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். செல்வி'. பாஸ்போர்ட்டில் வெறும் 'செல்வி'. குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஆதாரில் 'செல்வி சுந்தரம்'. திருமணப் பதிவில் கணவர் பெயரைச் சேர்த்து 'செல்வி முருகன்'. அந்த முருகனுக்கும் அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கும் முருகனுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம். ராயபுரத்து மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறவில்லை, 'பெண்' என்று மட்டும் இருந்தது. "எல்லாம் நான்தானே மாமா?" என்றாள். எனக்குத் தெரியும். எங்கோ ஒரு மேசையில் இவளைப் பார்த்தே இராத அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

இன்ஷியல் என்பது நம் ஊர் வழக்கம். பாஸ்போர்ட்டோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து உலகத்தையே அளக்கிறது. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் ஒவ்வொரு நாடும் அதைத் தன் இஷ்டப்படி நிரப்பும். அமெரிக்க விசாவில் 'பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது விமான நிலையத்திலிருந்து திரும்பியவர்கள் உண்டு. ஆகவே இன்ஷியலை விரித்து எழுதுவது என்று முடிவு செய்தால், அதே விரிவு, அதே எழுத்துக்கூட்டல் எல்லாக் காகிதத்திலும் இருக்க வேண்டும். முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், அதன்பின் பாஸ்போர்ட். பெயரே மாறுகிறது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் எழுதி வாங்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சில இடங்களில் அது செல்லும், சில இடங்களில் செல்லாது. எந்த இடத்தில் செல்லாது என்பது விசா மறுக்கப்பட்ட பிறகுதான் தெரியவரும். அதை நம்பி நான் யாரையும் அனுப்புவதில்லை.

அடுத்த தவறு அவசரத்தில் நேர்வது. செல்வி எல்லாவற்றுக்கும் முன்பாகக் காசநோய்ப் பரிசோதனையை முடித்துவிட்டாள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்த இந்தச் சான்றிதழை இங்கிலாந்து கேட்கிறது. அது ஆறு மாதம்தான் செல்லும். பெயரைத் திருத்தி முடிப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. மீண்டும் எக்ஸ்ரே, மீண்டும் கட்டணம். போலீஸ் நற்சான்றிதழையும் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல நாடுகள் ஏற்பதில்லை. இன்னொன்றும் உண்டு. குவைத்திலோ சவூதியிலோ வேலை பார்த்துத் திரும்பியவர்கள் சென்னையில் மட்டும் நற்சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். கனடா, கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்கும். விட்டுவந்த வளைகுடா நாட்டிலிருந்து ஒரு காகிதம் வாங்குவது எத்தனை மாத வேலை என்று வாங்கியவர்களைக் கேளுங்கள். கெட்டுப்போகும் காகிதத்தைக் கடைசியில் வாங்க வேண்டும். வரத் தாமதமாகும் காகிதத்துக்கு முதலில் எழுதிப் போட வேண்டும்.

விசா கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். நீண்டகால விசா பல நாடுகளில் உள்ளே நுழைவதற்கான சீட்டு மட்டுமே. வசிப்பு அனுமதியை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் எழுதித் தரும் படிவம் தேவை. நண்பன் அறையில் சும்மா ஒண்டிக்கொள்கிறவனுக்கு அந்தப் படிவம் எளிதில் கிடைக்காது. விசாவில் உள்ள தேதி முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டும். பிரான்சில், விசாவே வசிப்பு அனுமதியாகவும் செல்லும் ஒரு வகை உண்டு. ஆனால் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்தாவிட்டால் அது செல்லாது. 180 நாளில் 90 நாள் மட்டும் தங்கலாம் என்னும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் போய், அங்கேயே வேலை தேடி மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டிக்கெட் எடுக்காதே.

வசிக்கும் நாட்டில் சரியான காகிதம் இல்லாமல் தவிப்பது எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் புதிதல்ல. பீச் ஸ்டேஷன் பக்கம் நின்று அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்களுக்குப் பர்மா பஜாருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியும். 1962இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார்; அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கினார். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலரிடம் அப்போது இருந்தது குடியுரிமை அல்ல, வெளிநாட்டவர் பதிவுச் சான்று. கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடிசை போட்ட கதையை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

வசிப்பு அனுமதி கைக்கு வந்த பிறகும் அதைக் காக்க வேண்டும். அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் சாதாரண வசிப்பு விசா ரத்தாகிவிடும். கனடாவின் நிரந்தர வசிப்புரிமையைத் தக்கவைக்க ஐந்து ஆண்டில் 730 நாளாவது அங்கே இருக்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்து ஏழெட்டு மாதம் தங்கிவிட்டு, திரும்பும் நேரத்தில் விழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். நகையை அடகு வைத்து, சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கி, விண்ணப்பத்துக்கு முதல் நாள் கணக்கில் ஆறு லட்சம் போடுவார்கள். கணக்கு அறிக்கையைப் பார்க்கிற அதிகாரிக்கு அந்த ஆறு லட்சம்தான் முதலில் கண்ணில் படும். படிக்கப் போகிறவர்களிடம், பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்ததற்குச் சான்று கேட்கிறது இங்கிலாந்து. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். இங்கிலாந்தின் விசாக் கட்டணத்தோடு மருத்துவக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். மாணவர் அல்லாத பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, அதுவும் விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே. மூன்று ஆண்டுக்கு 3,105. செல்வியின் அப்பா அந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

மண்ணடியில் நேர்மையான ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். வேலைக்கு ஆள் அனுப்ப அரசிடம் பதிவு செய்தவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால் கேள்வி கேளுங்கள். உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதைத் தட்டிக்கழிக்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறவரிடம் பாஸ்போர்ட்டையே கொடுக்காதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

வெளிநாட்டில் குடியேறிய பிறகும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது சட்டப்படி தவறு; வங்கிக்குத் தெரிவித்து, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்.

செல்வி தை மாதம் விமானம் ஏறினாள். இப்போதெல்லாம் அங்கே வசிப்பு அட்டை கிடையாது, எல்லாம் இணையத்தில்தான். புதிய பாஸ்போர்ட் வாங்கினால் அதன் எண்ணைத் தன் இணைய விசாக் கணக்கில் மறக்காமல் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, மருத்துவமனையிலிருந்து வந்த முதல் கடிதத்தின் உறையைப் படம் பிடித்து அனுப்பினாள். உறையில் 'மிஸஸ் சுந்தரம்' என்று இருந்தது. அவளுடைய அப்பா சுந்தரம் அந்தப் படத்தை என்னிடம் நீட்டி, "இது யாருக்கு வந்திருக்கிறது, என் வீட்டுக்காரிக்கா?" என்று கேட்டார்.