ஜமக்காளத்தைத் தண்ணீரில் போடும் முன்

கல்யாண வீட்டில் நூறு பேர் உட்கார்ந்து எழுந்தாலும் பவானி ஜமக்காளம் தாங்கும். விசேஷம் முடிந்து வீட்டில் துவைக்கும்போதுதான் அது பெரும்பாலும் கெடுகிறது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சீராக வந்த ஒன்று உண்டு. சிவப்பு, பச்சை, வெள்ளை எனப் பட்டை பட்டையாக இருக்கும். ஒரு பொங்கலுக்கு முன், நல்லதுதானே என்று சோப்புத்தூள் கரைத்து ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் வெள்ளைப் பட்டை ரோஸ் நிறமாகியிருந்தது. அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஊற வைப்பதும் வெந்நீரும் சாயத்துக்கு ஆகாது. முதலில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஓரமாக ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் வீட்டில் துவைக்க வேண்டாம். ஒட்டாவிட்டால், பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் திரவ சோப்பு கலந்து சட்டென்று அலசி எடுங்கள்.

சோப்பு கூடினாலும் தொல்லைதான். 'ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்' என்கிறோமே, அவ்வளவு நெருக்கமான நெசவு அது. உள்ளே போன சோப்பு லேசில் வெளியே வராது. காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும், அழுக்கையும் சீக்கிரம் இழுக்கும். தூசி தட்டாமல் நனைப்பதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் மண் சேறாகிவிடும். பல நேரம் கைப்பிடிச் சுவரில் குப்புறப் போட்டு நாலு தட்டு தட்டினாலே போதும், துவைக்கவே வேண்டியிருக்காது.

பவானியில் குழித்தறியில் இரண்டு வகை நெய்கிறார்கள். ஒன்று பட்டை போட்ட முரட்டுப் பருத்தி. இன்னொன்று, கரையில் பூவேலை செய்த செயற்கைப் பட்டு. செயற்கைப் பட்டு என்பது பெரும்பாலும் ரேயான்தான். பருத்தி நனைந்தாலும் தாங்கும். ரேயான் நனைந்தால் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் இழை பிய்ந்து வரும். எந்த வகையானாலும் முறுக்கிப் பிழியாதீர்கள். வாஷிங் மெஷின் பேச்சே வேண்டாம்.

அப்புறம், சாம்பார் கறை. கொட்டியதும் கரண்டியால் வழித்து, துணியால் ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும். சோப்பை எடுத்துத் தேய்த்தால் கறை சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதல்லவா, அதே கதைதான். சாயம் போய்விட்டது என்று பயந்து இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் மஞ்சளை, அந்த இடம் மட்டும் படும்படி நாலைந்து நாள் காலை வெயிலில் வையுங்கள், மெல்ல வெளுத்துவிடும்.

அதற்காக முழு ஜமக்காளத்தையும் மத்தியான வெயிலில் மொட்டை மாடித் தரையில் விரித்துவிடக் கூடாது, நிறம் மங்கிப்போகும். ஈரத்தோடு ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதன் கனமே அதை இழுத்துக் கோணலாக்கிவிடும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதில் விரித்து, நிழலில் திருப்பித் திருப்பிக் காய வையுங்கள்.

ஓரத்துக் குஞ்சம் அசிங்கமாக இருக்கிறதென்று கத்தரிக்கோல் எடுக்காதீர்கள். அது நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனி. அதை ஒட்ட வெட்டினால் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கும்.

கஞ்சி போடவும் கூடாது. கம்பளியைத் தின்னும் பூச்சிக்குப் பருத்தி பிடிக்காது, சரி. ஆனால் இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து. மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்தால் இழை அங்கேதான் முதலில் விடும், அதனால் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டியில் சுற்றி, பரண் சுவரை ஒட்டாமல் தள்ளி வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை பிரித்துக் காற்றாட விடுங்கள்.