பெட்டா மீனுக்குத் துடுப்பு அழுகலா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

பெட்டாவின் வால் நுனி தீயில் பொசுங்கிய காகிதம் போலக் கறுத்து, நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தால் அது துடுப்பு அழுகலாக இருக்கலாம். மீன் கடைகளில் ‘ஃபின் ராட்’ என்பார்கள். இதைப் பார்த்ததும் பலரும் கடைக்கு ஓடி, நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு மருந்தை வாங்கிவந்து தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். அழுக்குத் தண்ணீரில் மருந்தையும் கலந்தால் மீன் இன்னும் தளர்ந்துதான் போகும். ஆரம்ப நிலை அழுகல் பெரும்பாலும் சுத்தமான, இதமான தண்ணீரிலேயே ஆறிவிடும். அதை எப்படிச் செய்வது, எப்போது உப்பு, எப்போது மருந்து என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் வருகிறது?

ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எல்லாத் தொட்டிகளிலும் எப்போதும் இருப்பவைதான். மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப்படலம் நன்றாக இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் படலத்தைக் கெடுப்பது அமோனியா. மீன் தன் செவுள்கள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீவனமும் கழிவும் அழுகும்போது இன்னும் சேர்கிறது. ஃபில்டர் இல்லாத 2 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் சில நாட்களிலேயே இது ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) பல இடங்களில் 8-ஐ ஒட்டி இருக்கும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். பக்கத்து வீட்டுக் குடுவையில் மீன் நன்றாக இருக்க, உங்கள் வீட்டில் மட்டும் வால் கரைவதற்கு இதுவும் காரணமாகலாம்.

குளிர்ந்த தண்ணீர், ஏசி அறையில் இரவும் பகலும் ஏறி இறங்கும் வெப்பநிலை, துடுப்பைக் கிழிக்கும் பிளாஸ்டிக் செடி, வேகமாகத் தண்ணீரைத் தள்ளும் ஃபில்டர் ஆகியவையும் வழி திறந்துவிடும். தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் காட்டுப் பெட்டாவுக்குத் துடுப்பு குட்டை. நாம் வளர்க்கும் ஹாஃப்மூன், கிரவுன்டெயில் வகைகளின் நீண்ட துடுப்பு மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால் வந்தது. அந்த நீளத்தாலேயே அது எளிதில் கிழிகிறது.

படி 1: அழுகல்தானா என்று உறுதி செய்யுங்கள்

இங்கே அவசரம் கூடாது. மீனைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். தினமும் அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் சிறு மாற்றம் தெரியாது.

அழுகல் என்றால் விளிம்பு கறுப்பு, பழுப்பு அல்லது சிவப்பாக மாறி, ஒழுங்கில்லாமல் பிய்ந்து, நாட்கணக்கில் மெல்ல உள்நோக்கி ஏறும். ஒரே இரவில் வாலில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போய், விளிம்பில் நிறமாற்றம் ஏதும் இல்லை என்றால், மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கலாம். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பம், வேகமான நீரோட்டம், வெறுமையான தொட்டி ஆகியவை அதற்குக் காரணங்கள். துடுப்புக் கதிர்களுக்கு இடையே நேர்கோடாகக் கிழிந்திருந்தால் அது காயம். கிரவுன்டெயிலின் முள் முள்ளான வால் பிறவியிலேயே அப்படித்தான்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளிம்பில் கண்ணாடி போன்ற மெல்லிய, நிறமற்ற படலம் தெரிந்தால் அது பூஞ்சை இல்லை. புதிதாக வளரும் துடுப்பு அப்படித்தான் இருக்கும். ஆறிக்கொண்டிருக்கும் மீனுக்கு மருந்து ஊற்றுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான். பூஞ்சை பஞ்சுபோல் திரண்டு, தண்ணீரில் அசையும்.

முதுகில் சேணம் போட்டதுபோல் சாம்பல் வெள்ளைத் திட்டு தோன்றி, ஓரிரு நாளில் பரவினால் அது காலம்னாரிஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்க நேரமில்லை. நேராகப் படி 5-க்குப் போங்கள். தண்ணீரின் சூட்டை ஏற்றாதீர்கள். சூடு கூடினால் அது இன்னும் வேகமாகப் பரவும்.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

சொட்டு மருந்து வகை அமோனியா சோதனைப் பெட்டி வாங்குங்கள். காகிதப் பட்டைகள் பலவற்றில் அமோனியாவுக்கான கட்டமே இருக்காது. அமோனியா 0, அது படிப்படியாக மாறி வரும் நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்-க்குக் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கீழே இருப்பது நல்லது. வெப்பநிலை 26 முதல் 27 டிகிரி செல்சியஸ். அமோனியாவோ நைட்ரைட்டோ துளி தெரிந்தாலும் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

படி 3: நிலையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

நுனி மட்டும் கறுத்து, மீன் சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் மீனை அதன் தொட்டியிலேயே விடுங்கள். ஒரு வாரத்துக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். அடியில் தேங்கிய அழுக்கைச் சைஃபனால் உறிஞ்சி எடுங்கள். ஐந்து நாளில் கறுப்பு ஏறுவது நின்றிருந்தால் வேறு எதுவும் வேண்டாம், அப்படியே தொடருங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகத்தில் ஒரு சிறு சிட்டிகை 10 லிட்டருக்குப் போதும். இல்லையென்றால் ஏர் பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம் வையுங்கள். குளோரின் கலக்காத ஆழ்துளைத் தண்ணீருக்குப் படிகம் தேவையில்லை, ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் சில மணி நேரம் காற்றூட்டுங்கள்.

துடுப்பில் கால்வாசிக்கு மேல் போயிருந்தாலோ, தண்ணீரை மாற்றியும் ஏறிக்கொண்டிருந்தாலோ தனித்தொட்டி தேவை. உப்பு செடிகளையும் நத்தைகளையும் பாதிக்கும் என்பதால், பிரதான தொட்டியில் உப்பு போடாதீர்கள்.

படி 4: தனித்தொட்டியும் உப்பும்

ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 5 லிட்டர் அளந்து ஊற்றி, நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். பெட்டா எகிறிக் குதிக்கும், ஆகவே மூடி கட்டாயம். மேற்பரப்புக்கு வந்து காற்றையும் விழுங்கும், ஆகவே மூடியில் துளைகள் இட்டு, நீருக்கு மேல் நாலைந்து சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். மணல், கல் எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள மென்மையான ஒரு செயற்கை இலை போதும்.

உப்பு: எதுவும் கலக்காத கல் உப்பு. உறையில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். உப்பு கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருந்தால் அதைத் தவிருங்கள். எப்சம் உப்பு வேறு பொருள். வயிறு வீங்கிய மீனுக்குத்தான் அது உதவும், அழுகலுக்கு உதவாது.

அளவை எடையில் பாருங்கள். கல் உப்பின் படிகம் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் கரண்டிக் கணக்கு தவறும். சமையலறைத் தராசு போதும்.

முதல் நாள்: 5 லிட்டருக்கு 5 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரில் முழுதாகக் கரைத்த பிறகே டப்பாவில் ஊற்றுங்கள். கரையாத உப்பு மீன்மேல் பட்டால் புண்ணாகும்.

இரண்டாம் நாளிலிருந்து: 5 லிட்டருக்கு 10 கிராம், அதாவது லிட்டருக்கு 2 கிராம். முதல் டப்பாவில் மீன் இருக்க, இரண்டாம் டப்பாவில் குளோரின் நீக்கிய, உப்புக் கரைத்த புதுத் தண்ணீரைத் தயார் செய்யுங்கள். இரண்டின் வெப்பநிலையிலும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. மீனைக் கோப்பையால் அள்ளி மாற்றுங்கள். வலையில் துடுப்பு மாட்டினால் கிழிந்ததே மறுபடி கிழியும். பழைய டப்பாவைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். இப்படித் தினமும் ஒருமுறை. டப்பாவில் ஃபில்டர் கிடையாது. இந்த மாற்றம் ஒன்றுதான் அமோனியாவுக்குக் காவல், ஒருநாள்கூட விடக்கூடாது.

வெப்பநிலைக்கு 25 வாட் ஹீட்டர், தெர்மாமீட்டருடன். கோடையில் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானலிலும் ஏசி அறையிலும் கட்டாயம் தேவைப்படும். டப்பாவில் நேராக ஹீட்டர் வைக்கத் தயங்கினால், வாளியில் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை அதில் வைத்து, டப்பாவை வாளிக்குள் இறக்கி வையுங்கள்.

வாதாங்கொட்டை மரத்தின் பழுத்து உதிர்ந்த காய்ந்த இலையை, தூசி போகக் கழுவிப் பாதி இலை போடலாம். தெருவோர மரத்தடியில் பொறுக்குவதானால் மருந்து தெளிக்காத இடமாகப் பாருங்கள். இலையிலுள்ள டானின் பாக்டீரியாவை ஓரளவு அடக்கும். தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்பட வேண்டாம். அது துணைதான், தண்ணீர் மாற்றாமல் இலையை மட்டும் போட்டுப் பலனில்லை.

தீவனம்: காலை 2 பெல்லட், மாலை 2 பெல்லட். ஐந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

உப்புச் சிகிச்சை 7 நாள். அதிகபட்சம் 10 நாள். முடிந்ததும் ஒருநாள் 5 கிராம், மறுநாள் உப்பில்லாத தண்ணீர். ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது.

படி 5: எப்போது மருந்து?

உப்பில் 7 நாள் வைத்தும் ஏறிக்கொண்டே இருந்தால், அழுகல் துடுப்பின் அடிவரை போய் உடம்பைத் தொட்டுவிட்டால், அல்லது விளிம்பில் ரத்தச் சிவப்போடு மீன் தின்பதையும் நிறுத்திவிட்டால் மருந்துதான். இதில் கடைசி இரண்டில் எது தெரிந்தாலும் ஏழு நாள் பொறுக்காமல் உடனே தொடங்குங்கள்.

பாக்டீரியாக்களை கிராம்-நெகட்டிவ், கிராம்-பாசிட்டிவ் என்று இரு பெரும் வகையாகப் பிரிப்பார்கள். துடுப்பை அரிப்பவை பெரும்பாலும் கிராம்-நெகட்டிவ் வகை. அவற்றுக்கு மீன்களுக்கென்றே விற்கும் கானமைசின், நைட்ரோஃபுராசோன் போன்றவை பொருந்தும். எரித்ரோமைசின் முக்கியமாக கிராம்-பாசிட்டிவ் வகைக்கானது. ஆக்சிடெட்ராசைக்ளின் கடின நீரில் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், வெளிச்சத்திலும் சிதையும். ஆழ்துளைத் தண்ணீரில் அது பலனளிக்காமல் போவதில் வியப்பில்லை. மெத்திலீன் நீலம் பஞ்சு போன்ற பூஞ்சைக்கு உதவும். அதைத் தனித்தொட்டியில் மட்டும் போடுங்கள். பிரதான தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், சிலிக்கான் பூச்சையும் நீலமாக்கிவிடும்.

அளவு புட்டியில் எழுதியபடி, உங்கள் 5 லிட்டருக்குக் கணக்கிட்டு. கார்பன் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். மூன்றாம் நாளே மீன் தேறியதுபோல் தெரிந்தாலும் முழு நாட்களும் கொடுங்கள். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் குத்துமதிப்பாகப் போடுவது மீனுக்கும் ஆபத்து, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாகவும் இடம் கொடுக்கும். மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவர் கிடைத்தால், இந்தக் கட்டத்தில் அவரிடம் கேட்பதே நல்லது.

உங்கள் கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் தொட்டியில் கைவிடாதீர்கள், அல்லது கையுறை போடுங்கள். மீன் தொட்டியிலிருக்கும் சில கிருமிகள் மனிதத் தோலையும் பாதிக்கும்.

படி 6: இதற்கிடையில் பிரதான தொட்டி

எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாதான் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது முதலிலிருந்து மறுபடி உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். மீன் இல்லாத நாட்களிலும் ஃபில்டர் ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு பெல்லட்டைத் தொட்டியில் போட்டுவையுங்கள். அது அழுகி வரும் அமோனியாதான் அந்தப் பாக்டீரியாவுக்கு உணவு.

அலங்காரப் பொருள்களின் மேல் பழைய நைலான் துப்பட்டாவை இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே துடுப்பும் மாட்டும். அந்தப் பொருளை எடுத்துவிடுங்கள். குடுவையில்தான் வளர்க்கிறீர்கள் என்றால், 15 முதல் 20 லிட்டர் தொட்டியும் மென்மையாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்குவது எந்த மருந்தையும்விட உருப்படியான செலவு.

ஆறும்போது என்ன தெரியும்?

முதலில் கறுப்பு விளிம்பு ஏறாமல் நிற்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அந்த நிறமற்ற மெல்லிய படலம் தெரிய ஆரம்பிக்கும். முழுத் துடுப்பு வர ஒன்றிரண்டு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். இளம் மீனுக்குச் சீக்கிரம், வயதானதற்குத் தாமதம். புதுத் துடுப்பு சற்றுச் சுருங்கியோ வேறு நிறத்திலோ வரலாம். அதனால் மீனுக்கு ஒரு குறையும் இல்லை. கதிர்கள் முளைக்கும் அடிப்பகுதியே அரிக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்த இடத்தில் மறுபடி வளராது.

படலம் தெரிந்து, பிரதான தொட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று இரண்டு நாள் தொடர்ந்து வந்ததும் மீனைத் திருப்பி விடலாம். கோப்பையில் மீனோடு பாதி நீர் வைத்து, கோப்பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி தொட்டித் தண்ணீரைச் சேருங்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கோப்பையை மெல்லச் சாயுங்கள், மீன் தானாக நீந்தி வெளியே வரட்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை 25 முதல் 30 சதவீதத் தண்ணீர் மாற்றம். படம் எடுப்பதை இன்னும் ஒரு மாதத்துக்கு நிறுத்த வேண்டாம்.