குழந்தைக்கு முயற்சி செய்யும்போது நாள் கணக்கில் நடக்கும் தவறுகள்

கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள் “என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?” என்று கேட்க ஆள் வந்துவிடும். கேட்பவர்களை விடுங்கள், அந்த அவசரத்தை நாமும் பிடித்துக்கொள்வதுதான் முதல் தவறு. எந்தக் குறையும் இல்லாத, முப்பது வயதுகூட ஆகாத பெண்ணுக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். கருத்தடை இல்லாமல், வாரம் இரண்டு மூன்று தடவை சேரும் தம்பதிகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது, மீதிப் பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இரண்டாவது வருடத்தில்.

அந்த ஒரு வருடத்தைக் கல்யாணத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. கணவர் துபாயில், வருடத்துக்கு ஒரு மாத லீவு என்றால் “இரண்டு வருஷமாச்சு” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, உண்மையில் இரண்டு மாதம்தான் முயற்சி நடந்திருக்கிறது.

அப்புறம், மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14-ஆம் நாள்தான் கரு தங்கும் நாள் என்ற நம்பிக்கை. அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, ஆகவே 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு அது 21-ஆம் நாள் வாக்கில் வரும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும், அதனால் முட்டை வெளிவரும் நாளைவிட அதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். மாதவிடாய்க் கணக்கு வைக்கும் மொபைல் ஆப் காட்டும் தேதி வெறும் ஊகம். அந்த ஒரு நாளுக்காக மாதம் முழுக்க விலகி இருப்பவர்கள் வாய்ப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள், “சேமித்து” வைப்பதால் விந்தணுவின் தரம் கூடாது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால், முட்டை வெளிவரும் நாளைக் கண்டுபிடிக்கக் கடையில் வாங்கும் ஓவுலேஷன் கிட்டும் தப்பாகக் காட்டலாம்.

எனக்கு எரிச்சல் வரும் தவறு, பெண்ணுக்கு மட்டும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலைந்துவிட்டுக் கடைசியில் ஆணைக் கூப்பிடுவது. குழந்தை தாமதமாவதில் பாதிக்கு நெருக்கமானவற்றில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனையோ செலவு குறைந்தது, ஊசிகூட இல்லை, கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம்வரைகூட இறங்கலாம். சிகரெட்டை நேற்று விட்டுவிட்டு அடுத்த வாரமே பரிசோதித்தாலும் பலன் தெரியாது, ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும்.

அதற்காக எல்லோரும் வருடக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம்தான் கெடு. 40 ஆனவர்களும், மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும், கருக்குழாயில் முன்பே பிரச்சினை வந்தவர்களும் ஆரம்பத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நாள் தள்ளிப்போன பிறகு தொடங்குவது. குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளமான குழாய், கரு உருவான நான்கு வாரத்துக்குள் மூடிவிடும், அப்போது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. முயற்சி தொடங்க ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் வேண்டும். சர்க்கரை நோயோ, வலிப்புக்கு மருந்தோ இருந்தால் அளவு கூடும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.