காவிரிப் படுகையில் சமச்சீர் உடற்பயிற்சி: எது குறைகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்

உடல் தகுதி என்பது ஒற்றைத் திறன் அன்று. நெடுநேரம் மூச்சிரைக்காமல் இயங்குவது, சுமையைத் தூக்குவதும் இழுப்பதும், மூட்டுகள் தடையின்றி மடங்கி நீள்வது, தடுமாறாமல் நிற்பது, தேவைப்படும் நொடியில் விரைந்து பாய்வது எனப் பல திறன்கள் அதற்குள் அடங்கியுள்ளன. இவற்றுள் ஒன்றை வளர்த்தால் மற்றவை தாமாக வளர்ந்துவிடுவதில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் நாள்தோறும் 40 கிலோ மூட்டைகளைச் சுமப்பவருக்குக் கால் வலிமையில் குறைவிருக்காது. ஆனால் கைகளைத் தலைக்கு மேல் முழுமையாக உயர்த்த அவரால் இயலாமல் போகலாம். நடவு நடும் பெண்கள் மணிக்கணக்கில் குனிந்து நிற்கப் பழகியவர்கள். முதுகைப் பின்புறம் வளைக்கும் அசைவு அவர்களுடைய வேலையில் அநேகமாக இல்லை. கும்பகோணம் கடைத்தெருவில் காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கோ ஏறத்தாழ எல்லாமே குறைவு. ஆகவே மூவருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. நம் பிழைப்பு உடலுக்கு எதைத் தரவில்லை என்று கண்டறிந்து, அதை முதலில் பயில்வதே சரியான முறை.

இதற்குச் சில எளிய சோதனைகள் போதும். கையை ஊன்றாமல் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா? சுவருக்கு அருகில் ஒற்றைக் காலில் 10 நொடிகள் நிற்க முடிகிறதா? சுவரில் முதுகை ஒட்டி நின்று, இடுப்பு முன்னே வளையாமல், இரு கைகளையும் மேலே உயர்த்திச் சுவரைத் தொட முடிகிறதா? கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 நொடிகளில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது? இரண்டு மாடி ஏறிய பின் தடையின்றிப் பேச முடிகிறதா? விடைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கண்ட பிறகே தொடங்க வேண்டும்.

இதயத்துக்கும் நுரையீரலுக்குமான பயிற்சியாக, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். டெல்டாவின் நிலம் தட்டையானது என்பதால், ஒரே வேகத்தில் ஒரே சாலையில் நடப்பவருக்குச் சில வாரங்களில் அந்த நடை பழகிவிடும். அதன்பின் வேகத்தைக் கூட்டினால்தான் முன்னேற்றம் உண்டு. திருவாரூரில் கமலாலயக் குளத்தைச் சுற்றி நடப்பவர், ஒரு கரையை விரைந்தும் அடுத்த கரையை நிதானமாகவும் நடக்கலாம். ஆற்றங்கரையின் சரிவும் மேம்பாலப் படிகளும் நமக்குக் குன்றின் வேலையைச் செய்யும். ஆடிக் காற்றில் மிதிவண்டி ஓட்டுபவர், தெம்பு இருக்கும்போதே காற்றை எதிர்த்துச் சென்று, காற்றோடு திரும்ப வேண்டும். நீச்சல் மிகச் சிறந்த பயிற்சிதான். எனினும் மணற்குழிகளும் திடீரென உயரும் நீரோட்டமும் உள்ள காவிரியிலோ கொள்ளிடத்திலோ தனியாக இறங்கிப் பயிலக் கூடாது.

வலிமைப் பயிற்சியே பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி. வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள், தள்ளுதல், இழுத்தல், உட்கார்ந்து எழுதல், குனிந்து தூக்குதல், சுமந்து நடத்தல் ஆகிய ஐந்து அசைவுகளும் அதில் இடம்பெற வேண்டும். நம் மரபில் தண்டாலும் பஸ்கியும் தள்ளுதலையும் உட்கார்ந்து எழுதலையும் நன்கு கவனித்துக்கொண்டன. கர்லாக்கட்டை தோள்களைச் சுழற்றிப் பழக்கியது. இழுக்கும் வேலையைக் கிணற்று ராட்டினம் அன்றாடம் கொடுத்தது. மின்மோட்டார் வந்தபின் அது வீட்டிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டது என்பதாலேயே, இன்று எல்லோருக்கும் முதலில் நான் பரிந்துரைப்பது இழுக்கும் பயிற்சியைத்தான். உறுதியான குறுக்குக் கம்பியில் 10 நொடிகள் தொங்குவதில் தொடங்கலாம். அது கைகூடாதவர்கள், ஒரு கையைத் திண்ணையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் நீர் வாளியை இடுப்பு வரை இழுத்து இறக்கலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை கொண்டது. எனவே எடையைத் துல்லியமாகக் கூட்ட வாளியை விட மலிவான கருவி கிடையாது. 8 முதல் 12 முறை வரை, மூன்று சுற்றுகள் செய்து, இன்னும் இரண்டு முறை செய்யத் தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் 12 எளிதாக வரும்போது ஒரு லிட்டர் சேருங்கள். மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. அதே வாளியை ஒரு கையில் மட்டும் ஏந்தி, உடல் சாயாமல் முற்றத்தில் நடந்தால் விலாப்புறத் தசைகள் உறுதிபெறும். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் சுமந்து பழகியவர்கள் மறுபக்கத்துக்கு மாற்றுவது அவசியம்.

சமநிலைக்கு வயல் வரப்பைப் போல் வேறொன்றில்லை. காய்ந்த வரப்பில் மெதுவாக நடப்பது, கணுக்காலையும் கண்ணையும் ஒருங்கே பழக்கும். முதியவர்கள் தரையில் போட்ட கோட்டின் மீது, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நடக்கலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாட்களாவது இத்தகைய பயிற்சி தேவை. இளையவர்களுக்குச் சிலம்பம் மிகவும் ஏற்றது. இரு கைகளுக்கும் சம வேலை தருவதோடு காலடி வேகத்தையும் அது வளர்க்கிறது. ஆனால் தசை வலிமைக்கு அது மட்டும் போதாது.

அட்டவணையைப் பயிர்ப் பருவத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் ஆண்டுகளில், அதைத் தொடர்ந்து வரும் குறுவை நடவு வாரங்களில் வயலில் இறங்குபவர்கள் கால் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, தொங்குதலையும் முதுகைப் பின்வளைக்கும் அசைவுகளையும் மட்டும் தொடர்வது நல்லது. சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்ணையும் மாடிப்படியும் போதும்.

உணவில் சோற்றின் அளவு மிகுந்தும் புரதம் குறைந்தும் இருப்பதே நம் பகுதியின் வழக்கம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம் அளவு. சம்பாவுக்குப் பின் நெல் தரிசில் விளையும் உளுந்தும் பச்சைப்பயறும் இங்கேயே கிடைக்கின்றன. அவற்றோடு முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் இயன்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். இரவில் ஏழு மணிநேர உறக்கம் இல்லாவிட்டால் தசை தேறாது.

ஆறு வாரங்கள் கழித்து அதே சோதனைகளைச் செய்து, நோட்டில் உள்ள பழைய விடைகளோடு ஒப்பிடுங்கள். மாறாமல் நிற்கும் ஒன்றை, அடுத்த ஆறு வாரங்களுக்கு உடல் களைப்பதற்கு முன், பயிற்சியின் தொடக்கத்திலேயே செய்யுங்கள். தேறிவிட்டதை வாரத்துக்கு ஒருமுறை செய்து காத்துக்கொண்டால் போதும்.